சீட்டுக் குலுக்கலில் தொடங்கும் பரிசோதனை: உளவியல் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, வெவ்வேறு ஆட்கள் எழுதியவையாயினும், ஒரே பொருளைச் சுற்றியவை: மனித மனத்தைப் பற்றிய ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது, சோதித்துக் கிடைத்த முடிவை எந்த அளவுக்கு நம்புவது. ஆறும் திருகோணமலை மாவட்டத்திலிருந்தே வந்திருப்பதில் இந்த ஊரவனான எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு. ஆகவே இவ்விதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் தரம் 11 மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். முதலாம் தவணைப் பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற பதினைந்து பிள்ளைகளைத் தெரிந்து, நாள்தோறும் பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்வித்தேன். இரண்டாம் தவணையில் அவர்களுடைய சராசரி 31 இலிருந்து 42 ஆக உயர்ந்தது. மூச்சுப் பயிற்சி கற்றலுக்கு உதவுகிறது என்று இதைக் கொண்டு சொல்லலாமா?
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: பிள்ளைகளின் புள்ளி உயர்ந்தது மெய், அதற்குப் பின்னாலுள்ள உங்கள் அக்கறையும் மெய். ஆனால் அந்த உயர்வுக்கு மூச்சுப் பயிற்சிதான் காரணம் என்று இந்தத் தரவைக் கொண்டு சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை விளங்கிக்கொண்டால் பரிசோதனை வடிவமைப்பின் பெரும்பகுதியை விளங்கிக்கொண்டதாகும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு தவணைகளுக்கும் இடையில் மூச்சுப் பயிற்சி மட்டுமா நடந்தது? பிள்ளைகள் சில மாதங்கள் வளர்ந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறதென்ற பயம் சிலரைப் புத்தகத்தின் முன் இருத்தியிருக்கும். சிலர் மாலையில் தனியார் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருப்பார்கள். இரண்டாம் தவணை வினாத்தாள் இலகுவாக இருந்திருக்கலாம். ஆசிரியை தம்மைத் தெரிந்தெடுத்துக் கவனிக்கிறார் என்ற உணர்வே ஒரு பிள்ளையை நிமிர்த்தியிருக்கலாம். நீங்கள் வேண்டுமென்றே மாற்றிப் பார்த்த மூச்சுப் பயிற்சியைச் சாரா மாறி என்றும், அதன் விளைவாக மாறுமென்று எதிர்பார்த்து அளந்த புள்ளியைச் சார்ந்த மாறி என்றும் சொல்கிறோம். சாரா மாறியோடு சேர்ந்து வேறு பலவும் மாறிவிட்டால், கிடைத்த 11 புள்ளிகளை எதன் கணக்கில் எழுதுவது என்று பிரித்தறிய வழியில்லை.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமான இன்னொரு காரணம், மிகக் குறைந்த புள்ளி பெற்றவர்களை மட்டும் தெரிந்ததில் ஒளிந்திருக்கிறது. ஒரு பரீட்சையில் ஒரு பிள்ளை பெறும் புள்ளியில் அந்தப் பிள்ளையின் அறிவும் இருக்கிறது, அன்றைய நாளும் இருக்கிறது: காய்ச்சல், முதல்நாள் வீட்டில் நடந்த சண்டை, படிக்காமல் விட்ட பகுதியிலிருந்து வந்த வினா. வகுப்பின் கடைசிப் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுக்கும்போது, அறிவில் குறைந்தவர்களோடு, அன்றைய நாள் கைவிட்டவர்களும் அதிகமாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கெட்ட நாள் மறுமுறையும் அத்தனை பேரையும் பிடிப்பதில்லை; ஆகவே எவரும் எதுவும் செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி மேலே வரும். முதற்பதினைந்து பேரை எடுத்திருந்தால் அவர்களின் சராசரி சற்றுக் கீழே போயிருக்கும். பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு பிரான்சிஸ் கோல்ற்றன் 1886 இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள், சராசரியாகப் பார்க்கையில், பெற்றோர் அளவுக்கு உயரமாக இருப்பதில்லை. சராசரியை நோக்கிய இந்தத் திரும்பலை அறியாததால் நாம் எத்தனையோ பிழையான பாடங்களைக் கற்றுவிட்டோம் என்பது என் துணிபு. பிள்ளை மிக மோசமாக நடந்த அன்று பிரம்பை எடுக்கிறோம். மறுநாள் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. பிரம்புதான் திருத்தியது என்று முடிவுகட்டி அடுத்த முறையும் பிரம்பையே தேடுகிறோம்.

அப்படியானால் எப்படிச் செய்திருக்க வேண்டும்? வகுப்பில் 40 பேர் என்றால், 40 பெயர்களையும் ஒரே அளவான துண்டுகளில் எழுதிச் சுருட்டி, ஒரு சட்டியிலிட்டுக் குலுக்கி, முதலில் எடுத்த 20 பேருக்கு மூச்சுப் பயிற்சியைக் கொடுங்கள். மற்ற 20 பேரும் அதே பத்து நிமிடத்தில் ஏதேனும் ஒன்றைச் செய்யட்டும்; அமைதியாக இருந்து கதைப்புத்தகம் வாசிப்பது போதும். முதற் குழு பரிசோதனைக் குழு, மற்றது கட்டுப்பாட்டுக் குழு. தவணை முடிவில் இரு குழுக்களின் புள்ளிகளையும் ஒப்பிடுங்கள். வளர்ச்சி, பயம், இலகுவான வினாத்தாள், சராசரியை நோக்கிய திரும்பல் எல்லாம் இரு பக்கமும் ஒரேயளவில் வேலை செய்யும். வேறுபடுவது மூச்சுப் பயிற்சி ஒன்றே.

விரும்பியவர்கள் பயிற்சிக்கு வரட்டும் என்று விடக்கூடாதா, முன் இரண்டு வரிசைகளை எடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. விரும்பி வருபவரும் வராதவரும் ஏற்கெனவே வேறு வேறு வகையினர். முன்வரிசையில் இருப்பவர் அங்கே இருப்பதற்கும் காரணம் உண்டு. இதை நான் பட்டே அறிந்தேன். மாணவனாக இருந்தபோது செய்த என் முதல் ஞாபகப் பரிசோதனையில், முன்னதாக வந்தவர்களை ஒரு குழுவிலும் பிந்தி வந்தவர்களை மறு குழுவிலும் சேர்த்தேன். நேரத்தோடு வருபவரும் பிந்தி வருபவரும் வேறுபட்ட மனிதர்கள் என்பது தரவு முழுவதும் சேர்ந்த பிறகே உறைத்தது. அந்தத் தரவை ஒன்றுக்கும் பயன்படுத்த முடியவில்லை. சீட்டுக் குலுக்கலுக்கு எவருடைய விருப்பமும் தெரியாது, எவருடைய பழக்கமும் தெரியாது. நாம் அறிந்த வேறுபாடுகளை மட்டுமன்றி, நம் மனத்துக்கே எட்டாத வேறுபாடுகளையும் அது இரு பக்கமும் பரப்பிவிடுகிறது. இதனை எழுமாற்று ஒதுக்கீடு என்பர். அது இரு குழுக்களையும் துல்லியமாகச் சமமாக்கிவிடும் என்பதல்ல. எஞ்சும் ஏற்றத்தாழ்வு தற்செயலால் மட்டுமே ஆனது, அதன் அளவைக் கணக்கிடலாம் என்பதே அதன் பலம். அந்தக் கணக்கு அடுத்த பதிலில் வருகிறது.

இன்னும் ஒன்று. விடைத்தாள்களைத் திருத்துபவருக்கு எந்தப் பிள்ளை எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. நேர்மையானவரின் கையும் எதிர்பார்ப்பின் பக்கம் சாயும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை, கூட்டல் கழித்தல் வினாக்களுக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றது. உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஒஸ்கார் புங்ஸ்ட் அதை முறையாகச் சோதித்து 1907 இல் அறிக்கை வெளியிட்டார்: கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபோதும் அது தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரையறியாமல் உண்டான மிகச் சிறு அசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியிருந்தது. குதிரைக்கே இது புரியுமென்றால், உங்கள் முகத்தை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளுக்கு உங்கள் எதிர்பார்ப்பு புரியாமலா போகும்?

கேள்வி: நான் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் பயில்கிறேன். புள்ளிவிபரச் சோதனைகளில் ஆய்வாளர் தாம் நம்புவதற்கு மாறான 'சூனியக் கருதுகோளை' முதலில் எடுத்துக்கொள்கிறார் என்று வாசித்தேன். நம்புவதையே நேரடியாக நிறுவாமல் இந்தச் சுற்றுவழி எதற்கு?
– ஒரு மாணவன், மூதூர்

பதில்: தம்பி, இதற்கு ஒரு தேநீர்க் கதையைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் பிஷர், 1935 இல் பரிசோதனை வடிவமைப்பைப் பற்றி எழுதிய நூலில் இது வருகிறது. கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேயிலைச் சாயத்தை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண்மணி. எப்படிச் சோதிப்பது?

பிஷர் எட்டுக் கோப்பைகளை வைக்கிறார். நான்கில் பால் முதலில், நான்கில் சாயம் முதலில். அவை எழுமாறான ஒழுங்கில் கொடுக்கப்படுகின்றன. நான்கும் நான்கும் என்பது அந்தப் பெண்மணிக்குத் தெரியும். பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தெரிவதற்கு 70 வழிகள் உண்டு. நீ படித்த சேர்மானக் கணக்குத்தான். அவருக்கு வேறுபாடு அறியும் திறன் சற்றும் இல்லை என்று வைத்துக்கொள். அப்போது அந்த 70 தெரிவுகளும் சமவாய்ப்புள்ளவை; நான்கும் சரியாக அமையும் தெரிவு ஒன்றே. ஆகவே வெறும் ஊகத்தால் அவர் முழுதும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 70 இல் 1, அதாவது ஏறத்தாழ 0.014. 'திறன் இல்லை' என்ற அந்த எடுகோளே சூனியக் கருதுகோள். முழுதும் சரியாகச் சொல்லிவிட்டால், நம்முன் இரண்டே வழிகள்: மிக அரிய தற்செயல் ஒன்று நடந்துவிட்டது என்று கொள்ளலாம், அல்லது சூனியக் கருதுகோளை நிராகரிக்கலாம்.

நான்கில் மூன்றைச் சரியாகக் காட்டினால்? கேட்பவர் வியப்பார். கணக்கு வியக்காது. அப்படி மூன்று சரியாக அமையும் தெரிவுகள் 16; முழுதும் சரியான ஒன்றையும் சேர்த்தால் 17. எழுபதில் 17 என்பது 0.24. ஒன்றும் அறியாதவர்கூட நான்கு முறைக்கு ஒருமுறை இந்த அளவுக்குச் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே மூன்று சரி என்பதைச் சான்றாக ஏற்கக் கூடாது. இந்தத் தீர்மானத்தைக் கோப்பைகளை நீட்டுமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும் என்பதையும் கவனி. அந்தப் பெண்மணி எத்தனையைச் சரியாகச் சொன்னார் என்பதைப் பிஷர் அந்த நூலில் எழுதவே இல்லை. அவர் சொல்ல வந்தது சோதனையின் அமைப்பை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 'திறன் உண்டு' என்பதிலிருந்து ஏன் தொடங்கவில்லை? எவ்வளவு திறன் என்று அந்தக் கூற்று சொல்லவில்லை. பத்தில் ஆறு முறை சரியாகச் சொல்லும் திறனா, ஒன்பது முறையா? அளவு தெரியாத கூற்றிலிருந்து நிகழ்தகவைக் கணக்கிட முடியாது. 'திறன் இல்லை' என்பது மட்டுமே ஒரே பொருள் கொண்ட, துல்லியமான கூற்று. அதிலிருந்து 70 இல் 1 என்ற எண் தானாகப் பிறக்கிறது. சுற்றுவழியாகத் தோன்றுவது உண்மையில் கணக்கிடக்கூடிய ஒரே வழி. ஒரு வாக்கியத்தின் மறுப்பை எடுகோளாகக் கொண்டு முரண்பாட்டில் முடித்து, அந்த வாக்கியத்தை நிறுவும் முறையை உன் பாடத்தில் கற்றிருப்பாய். இது அதன் உறவு முறை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே முடிவில் கிடைப்பது முரண்பாடு. இங்கே கிடைப்பது அரிதான தன்மை மட்டுமே. அரியது நடக்கவே நடக்காது என்பதில்லை. ஆகவே இங்கே கிடைப்பது நிறுவல் அன்று, சான்று.

மேலே ஆசிரியைக்குச் சொன்ன வகுப்பையும் இதே கண்ணால் பார். தவணை முடிவில் 40 பிள்ளைகளின் புள்ளிகளையும் 40 துண்டுகளில் எழுதிக் குலுக்கி, இருபது இருபதாகப் பிரித்து, இரு குவியல்களின் சராசரி வேறுபாட்டைக் குறித்துக்கொள். மறுபடி குலுக்கு, மறுபடி குறி. மூச்சுப் பயிற்சிக்கு எந்த விளைவும் இல்லையென்றால், வகுப்பில் உண்மையாகக் கண்ட வேறுபாடும் இப்படிக் குலுக்கிக் கிடைத்தவற்றுள் ஒன்றைப் போலத்தான் இருக்கும். கணினி இதை 10,000 முறை நொடிப்பொழுதில் செய்துவிடும். அவற்றுள் எத்தனை பங்கு, உண்மையில் கண்ட வேறுபாட்டின் அளவுக்கோ அதற்கு மேலோ வருகிறதோ, அந்தப் பங்குதான் ஆய்வுக் கட்டுரைகளில் 'பீ பெறுமானம்' என்று எழுதப்படுவது. பிள்ளைகளைப் பிரித்த அதே குலுக்கல்தான் முடிவை அளக்கும் கோலையும் தருகிறது. தொடக்கத்தில் குலுக்காதவர் கடைசியில் எந்தச் சூத்திரத்தில் இட்டாலும் கிடைக்கும் எண்ணுக்கு அந்தப் பொருள் வராது.

கேள்வி: ஒரு சுகாதாரக் கட்டுரையில், 'பீ பெறுமானம் 0.05 இலும் குறைவு. எனவே இம்முடிவு 95 சதவீதம் உண்மை' என்று எழுதியிருந்தது. இது சரிதானா?
– ஓய்வுபெற்ற தாதி ஒருவர், பாலையூற்று

பதில்: சரியன்று, அம்மா; ஆனால் மிகப் பரவலான பிழை. பீ பெறுமானம் சொல்வது, விளைவு இல்லையென்று வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட தரவு எவ்வளவு அரிது என்பதை. கட்டுரையாளர் அதைத் திருப்பிப் போட்டு, இப்படிப்பட்ட தரவு கிடைத்தபின் விளைவு இருப்பது எவ்வளவு உறுதி என்று வாசித்துவிட்டார். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவுக்குப் போகிறவர் அனைவரும் படகில்தான் போகிறார்கள். அதனால் நம் கடலில் படகேறியவர் அனைவரும் புறாத்தீவுக்குப் போகிறார்கள் என்று சொல்லமாட்டோம். திருப்பிச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கூற்று ஆய்வுக்கு முன்பே எந்த அளவுக்கு நம்பத்தக்கதாக இருந்தது என்பதும் தெரிய வேண்டும். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016 இல் இதற்கென ஓர் அறிக்கையே வெளியிட நேர்ந்தது.

0.05 என்ற எல்லைக்கும் தெய்வீகம் எதுவுமில்லை. இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாகப் பிஷர் 1925 இல் எழுதினார், அது பழக்கமாகிவிட்டது. அந்த எல்லைக்குக் கீழே வந்த முடிவைப் 'பொருளுண்மையுடையது' என்கிறோம். பயனுள்ளது என்பது அதன் பொருளன்று. பத்தாயிரம் பேரைச் சோதித்தால், வாழ்க்கையில் எவரும் உணரமுடியாத அற்ப வேறுபாடுகூட அந்த எல்லையைத் தாண்டிவிடும். மருந்தொன்றைப் பற்றி நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள்: வேலை செய்கிறதா என்பதோடு, எவ்வளவு வேலை செய்கிறது? அதே கேள்வியை இங்கும் கேளுங்கள்.

கேள்வி: நான் சுற்றுலாப் பயணிகளைக் கடலடிக்கு அழைத்துச் செல்லும் சுழியோடி. தண்ணீருக்கடியில் படித்தது தண்ணீருக்கடியில்தான் நன்றாக ஞாபகம் வரும் என்று வந்தவர் ஒருவர் சொன்னார். இது சோதிக்கப்பட்டதா?
– நிலாவெளி வாசகர்

பதில்: சோதிக்கப்பட்டது, உளவியல் மாணவர்கள் அனைவரும் படிக்கும் பரிசோதனைகளுள் அது ஒன்று. டங்கன் கொடன், அலன் பாட்லி ஆகிய இருவரும் 1975 இல் அதை வெளியிட்டார்கள். ஸ்கொட்லாந்தின் ஓபன் அருகே கடலில், ஏறத்தாழ 20 அடி ஆழத்தில், சுழியோடிகளைக் கொண்டு செய்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பற்ற 36 சொற்களைக் கேட்க வைத்துப் பின்னர் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். கற்றது கரையிலா நீருக்கடியிலா, நினைவுகூர்ந்தது கரையிலா நீருக்கடியிலா என்று இரண்டு சாரா மாறிகள். ஆகவே நான்கு நிலைமைகள். முழுமையாகப் பங்குகொண்டவர்கள் 16 பேர்.

கரையில் கற்றவர்கள் கரையில் சராசரியாக 13.5 சொற்களை நினைவுகூர்ந்தார்கள், நீருக்கடியில் 8.6 மட்டுமே. நீருக்கடியில் கற்றவை நீருக்கடியில் 11.4 வந்தன, கரையில் 8.4. இந்த நான்கு எண்களையும் நீங்களே கடதாசியில் எழுதிப் பாருங்கள். கற்ற இடத்தை மட்டும் தனியே பார்த்தால் கரைக்கு 11.05, நீருக்கு 9.9. நினைவுகூர்ந்த இடத்தை மட்டும் பார்த்தால் 10.95, 10.0. தனித்தனியே பார்க்கையில் ஒரு சொல் அளவே வித்தியாசம். பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுந்து போயிருப்போம். இரண்டு இடமும் ஒன்றாக இருந்தனவா என்று பார்க்கும்போதுதான் ஏறத்தாழ நான்கு சொற்களின் வேறுபாடு வெளிப்படுகிறது. ஒரு மாறியின் விளைவு மற்றொரு மாறியைப் பொறுத்து மாறும் இந்நிலையை இடைத்தாக்கம் என்பர். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார் என்று பாடசாலையில் கற்றதை இவ்விடத்தில் நாம் தாண்டிச் செல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றாமல் இது தெரிய வராது.

இன்னொரு சிறப்பு, ஒவ்வொரு சுழியோடியும் நான்கு நிலைமைகளிலும் பங்குகொண்டார். ஒருவர் தம்மோடுதாம் ஒப்பிடப்படுகிறார்; ஞாபகசக்தி மிக்கவர், குறைந்தவர் என்ற வேறுபாடு குறுக்கே வருவதில்லை; குறைந்த ஆட்களோடு காரியம் ஆகிறது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை: சூடான கிணற்று நீரை அள்ளி ஊற்றிய உடனே அடுத்த கிணற்றின் வெதுவெதுப்பான நீர் குளிர்ந்தது போலப் படும், எதிர்த் திசையில் வந்திருந்தால் அதே நீர் சுட்டிருக்கும். முதலில் செய்தது அடுத்ததன்மேல் படிகிறது. பழக்கம், களைப்பு, முதற்பட்டியலின் சொற்கள் இரண்டாவதில் வந்து கலப்பது எல்லாம் இப்படித்தான். எல்லாரும் ஒரே ஒழுங்கில் செய்தால், நிலைமையின் விளைவையும் ஒழுங்கின் விளைவையும் பிரிக்க முடியாது. அதனால் ஒழுங்கை ஆளுக்கு ஆள் மாற்றி, ஒவ்வொரு நிலைமையும் முதலாவதாகவும் கடைசியாகவும் சம தடவை வரும்படி செய்ய வேண்டும்.

எனக்கு இந்த ஆய்வில் மிகப் பிடித்தது அவர்களின் இரண்டாவது பரிசோதனை. இடம் மாறியதால் ஞாபகம் குறைந்ததா, அல்லது உடுப்பும் சிலிண்டருமாக நீரிலிருந்து ஏறியிறங்கிய தொந்தரவால் குறைந்ததா என்ற ஐயம் எவருக்கும் எழும். உங்களுக்கு நிச்சயம் எழுந்திருக்கும். ஆகவே கரையில் கற்றவர்களை இடையில் நீரில் இறக்கி, சுழியோடச் செய்து, மறுபடி கரைக்குக் கொணர்ந்து கேட்டார்கள். ஞாபகம் குறையவில்லை. தம் முடிவுக்கு எதிரான மிக வலிமையான விளக்கத்தைத் தாமே தேடிச் சென்று சோதிப்பதை நான் ஆய்வாளரின் முதற் கடமையாகக் கருதுகிறேன்.

எனினும் கதை அத்தோடு முடியவில்லை. நெதர்லாந்தின் யாப் முரே இப்பரிசோதனையை மறுபடி செய்து 2021 இல் வெளியிட்டபோது அந்த விளைவு காணப்படவில்லை. ஒரு தவறிய மறுபரிசோதனை முதலாவதைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் பாடநூல் சொல்லும் உறுதியோடு இனி அதைச் சொல்லவும் கூடாது.

கேள்வி: ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களையும் இழக்காதவர்களையும் ஒப்பிட்டு, அவர்களின் மனநிலை வேறுபாட்டை ஆராய்ந்தால் அது பரிசோதனை ஆகுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: ஆகாது, சகோதரி. 2004 டிசம்பர் 26 அன்று எவர் வீட்டை அலை எடுத்தது என்பதை எவரும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் தொழிலாலும் வருமானத்தாலும் கரையிலிருந்து தள்ளி உட்பகுதியில் வாழ்ந்தவர்களிலிருந்து ஏற்கெனவே வேறுபட்டிருந்தார்கள். இன்று காணும் மனநிலை வேறுபாட்டில் எவ்வளவு அன்றைய அலையினுடையது, எவ்வளவு அதற்கு முந்தியது என்று பிரிப்பது கடினம். இத்தகையவற்றை அரைப் பரிசோதனை என்று வகைப்படுத்துவார்கள். அவை பயனற்றவை அல்ல. துயரத்தைக் குலுக்கிக் கொடுக்க எந்த ஆய்வாளருக்கும் உரிமையில்லை. வேறு வழியில்லாத இடத்தில் கவனமான ஒப்பீடு பெரும் உதவி. காரணம் என்ற சொல்லை எழுதுமுன் மட்டும் கை தயங்க வேண்டும்.

ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உளவளத் துணை பயனளிக்கிறதா என்பதைப் பரிசோதிக்கலாம். ஒரே நேரத்தில் அனைவருக்கும் கொடுக்க ஆட்கள் போதாதபோது, யாருக்கு முதலில், யாருக்குச் சில வாரங்கள் கழித்து என்பதைக் குலுக்கித் தீர்மானித்தால், எவரும் இறுதியில் கைவிடப்படுவதில்லை. காத்திருப்பவர்களே கட்டுப்பாட்டுக் குழுவாகிறார்கள். அவசர உதவி வேண்டியவரை அந்த வரிசையில் நிறுத்தவே கூடாது. பங்குகொள்வோர் அனைவரும் விடயத்தை விளங்கிச் சம்மதிக்க வேண்டும், எந்த வேளையிலும் விலகிக்கொள்ள இடமிருக்க வேண்டும்.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காக, இசை கேட்டுக்கொண்டு படித்த 18 பேரையும் அமைதியில் படித்த 18 பேரையும் ஒப்பிட்டேன். பீ பெறுமானம் 0.21 வந்தது. என் ஆய்வு தோல்வியா? பெண்களை மட்டும் பிரித்துப் பார், இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துப் பார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வளாக மாணவி, திருகோணமலை

பதில்: தோல்வி இல்லை, மகளே. நண்பர்களின் யோசனையைக் கேட்டால்தான் தோல்வி.

புள்ளிவிபரவியலாளர்களான ஜேர்சி நெய்மன், எகொன் பியர்சன் இருவரும் 1933 இல் எழுதிய ஆய்வுரையில் இரண்டு வகை வழுக்களைப் பிரித்துப் பேசினார்கள். இல்லாத விளைவை இருக்கிறதென்பது முதலாம் வகை. இருக்கும் விளைவைக் காணாமல் விடுவது இரண்டாம் வகை. 0.05 என்ற எல்லை முதலாவதற்கு மட்டுமே காவல். இரண்டாவதற்குக் காவல் ஆட்களின் எண்ணிக்கை. பெரிய கண் வலையை வளைத்து இழுத்துவிட்டு, நெத்தலி படவில்லை என்பதால் கடலில் நெத்தலியே இல்லை என்று கரைவலைக்காரர் எவரும் சொல்லமாட்டார். உங்கள் வலையின் கண் எவ்வளவு என்று பார்ப்போம். உளவியலாளர் ஜேக்கப் கோஹென் வகுத்த அளவின்படி, நியம விலகலின் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) அரைப்பங்கு வேறுபாடு நடுத்தர விளைவு. அத்தகைய விளைவு உண்மையிலேயே இருந்தாலும், குழுவுக்கு 18 பேரைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதமே. அந்த வாய்ப்பைச் சோதனையின் வலு என்கிறோம். வழக்கமாக எதிர்பார்க்கும் 80 சதவீத வலுவுக்குக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். சிறிய விளைவானால் ஏறத்தாழ 390 பேர். ஆகவே 0.21 என்பது இசையால் வேறுபாடில்லை என்று சொல்லவில்லை. இந்த வலையால் இதைப் பிடிக்க முடியவில்லை என்றே சொல்கிறது. எத்தனை பேர் வேண்டுமென்பதை ஆய்வைத் தொடங்குமுன் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது கற்பித்தவர்களின் குறை.

இனி, பெண்களை மட்டும், பிறகு ஆண்களை மட்டும், பிறகு இடக்கையரை என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றி. எந்த விளைவும் இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், ஒன்றாவது 0.05 க்குக் கீழே வரும் நிகழ்தகவு 64 சதவீதம். அந்த ஒன்றை மட்டும் எழுதி மற்றப் பத்தொன்பதை மறைத்தால், வாசிப்பவர் தேநீர்ப் பெண்மணியின் சோதனையை நினைத்துக்கொண்டு வாசிப்பார். நடந்ததோ, சரியாக வரும்வரை கோப்பைகளை மாற்றி மாற்றி வைத்தது. முடிவைப் பார்த்துப் பார்த்து ஆட்களைச் சேர்ப்பதும் இதே வகை. எவரும் பொய் சொல்லும் எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை, அதனால்தான் இது ஆபத்தானது. முன்னணி உளவியற் சஞ்சிகைகளில் வந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி செய்து 2015 இல் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் பொருளுண்மையுடையவை எனக் கூறியிருக்க, மறுபரிசோதனைகளில் 36 சதவீதமே அப்படி வந்தன. சிறிய மாதிரிகளும் இத்தகைய பொறுக்கலும் அதற்குப் பெரிய காரணங்கள் என்றே நான் கருதுகிறேன். இன்று பல ஆய்வாளர்கள் கருதுகோள், ஆட்களின் எண்ணிக்கை, செய்யப்போகும் சோதனை ஆகியவற்றைத் தரவு சேர்க்குமுன்பே பொதுவில் பதிவு செய்துவிடுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஆய்வேட்டில், நீங்கள் முன்கூட்டித் திட்டமிட்ட ஒரே சோதனையையும் அதன் 0.21 ஐயும் அப்படியே எழுதுங்கள். இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டையும், அதன் 95 சதவீத நம்பிக்கை ஆயிடையையும் (உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று தரவு காட்டும் வீச்சு) கொடுங்கள். அந்த ஆயிடை எவ்வளவு அகலம் என்பதே உங்கள் மாதிரியின் போதாமையை எவருக்கும் காட்டிவிடும். பெண்களைப் பிரித்துப் பார்த்திருந்தால், தரவைப் பார்த்தபின் பார்த்தது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அடுத்த ஆய்வுக்கான ஊகமாக மட்டும் வையுங்கள். குழுவுக்கு 64 பேர் என்ற கணக்கையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு இதே கேள்வியை எடுக்கும் மாணவர் உங்கள் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார்.